கேள்விகளையும் அலமாரியில் அடுக்க வேண்டும்



மளிகைக் கடையில் சரக்கு அடுக்கும் முறையை நாம் யாரும் புத்தகம் படித்துக் கற்கவில்லை. உப்பும் பருப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை விற்கும் பொருள் பரண்மேல் இருக்கும். பினாயில் பாட்டிலை மாவு மூட்டைக்குப் பக்கத்தில் யாரும் வைப்பதில்லை. வாடிக்கையாளர் எதை, எந்தப் பெயரில், எவ்வளவு அவசரமாகக் கேட்பார் என்று தெரிந்து அடுக்குகிறோம். ஆனால் அதே கடையின் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியில், பில் போடும் மென்பொருளுக்கு உரிய விளக்கக் குறிப்பைத் திறந்து பாருங்கள். 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு பகுதி இருக்கும். நமக்கு வேண்டிய கேள்வி மட்டும் அதில் அகப்படாது.

இது சிறிய குறை அல்ல. இதனால் பணம் போகிறது. எப்படி என்பதையும், இதற்கு நாமே என்ன செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

கொல்லிமலையில் ஒரு திங்கட்கிழமை

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய 56-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் வரி விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டதை நாம் அறிவோம். 12 சதவீதம், 28 சதவீதம் என்ற படிகள் நீக்கப்பட்டு, பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்குள் வந்தன. சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. நெய், வெண்ணெய், பாதாம் போன்றவை 12-லிருந்து 5-க்கு வந்தன. செப்டம்பர் 22, திங்கட்கிழமை முதல் இது நடைமுறைக்கு வந்தது.

அதன்பின் நாம் கொல்லிமலைக்குச் சென்றிருந்தபோது, செம்மேட்டில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் அந்தத் திங்கட்கிழமையை நினைவுகூர்ந்தார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் இந்த ஊருக்குச் சரக்கு வர வேண்டும். மென்பொருள் ஆள் வர வேண்டுமானாலும் அதே வழிதான். காலையில் கடை திறந்ததும் முதல் சோப்புக்குப் பில் போட்டார். 18 சதவீதம் விழுந்தது. உதவிப் பகுதியைத் திறந்தார். முதல் கேள்வி, 'எங்கள் மென்பொருளின் சிறப்பு அம்சங்கள் யாவை?' என்று இருந்தது. இரண்டாவது, உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றியது. மூன்றாவது, கூடுதல் கணிப்பொறிகளுக்கு உரிமம் வாங்குவது பற்றியது. அவர் தேடிய வரி மாற்றம் கடைசிப் பக்கத்துக்கு அருகில், 'பொருள் முதன்மைப் பதிவேட்டில் தீர்வை வகைப்பாடு திருத்தல்' என்ற பெயரில் இருந்தது. அதுதான் தமக்கு வேண்டியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாமக்கல்லில் இருக்கும் மென்பொருள் ஆளுக்குப் போன் போட்டார். "தம்பி, சோப்புக்கு வரி குறைச்சாச்சுங்களே, இதுல எங்க போய் மாத்தறதுங்க?" என்று கேட்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. மாவட்டம் முழுவதும் அன்று அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அவர் கையால் பில் எழுதினார். வரிசையில் நின்றவர்களில் சிலர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

இதில் இரண்டு பக்கமும் நட்டம் உண்டு. பழைய 18 சதவீதத்தையே வசூலித்தால், கூடுதலாக வாங்கிய பணம் நமதல்ல. வரி என்று வசூலித்த தொகையை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும், வாடிக்கையாளரின் வருத்தம் மட்டும் நமக்கு மிஞ்சும். 18 சதவீதம் இருக்க வேண்டிய பொருளுக்குத் தவறுதலாக 5 போட்டுவிட்டால், குறைந்த தொகை நம் கைப்பணத்திலிருந்து போகும். ஒரே ஒரு விடை உரிய இடத்தில், உரிய பெயரில் இல்லாததன் விலை இது.

வினாவும் விடையும் நமக்குப் புதிதல்ல

'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற முறை கணிப்பொறி உலகில் 1980-களின் தொடக்கத்தில் பிறந்தது. அமெரிக்காவில் விண்வெளி பற்றிக் கணிப்பொறி வழியே கடிதம் பரிமாறிக்கொண்ட ஒரு குழுவில், புதிதாகச் சேருகிறவர்கள் பழைய கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பதில் சொல்லிச் சலித்துப்போன நிலையில், நாசாவில் பணியாற்றிய யூஜின் மியா என்பவர் அந்தக் கேள்விகளையும் விடைகளையும் தொகுத்துச் சுற்றுக்கு விட்டார். உண்மையில் பலர் கேட்டவை மட்டுமே அந்தப் பட்டியலில் இருந்தன. மென்பொருள் விற்பவர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் கேட்காத 'எங்கள் சிறப்பு என்ன?' என்பதும் உள்ளே வந்தது அப்படித்தான்.

நம் தமிழில் இதற்கு இன்னும் பழைய வழி உண்டு. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பிரிக்கிறது. அந்த ஆறில் ஒன்று கொளல் வினா; ஒரு பொருளை வாங்கிக்கொள்வதற்காகக் கேட்பது. இதற்கு வணிகரிடம் பயறு இருக்கிறதா என்று கேட்பதை உதாரணமாகச் சொல்வது உரை மரபு. பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மற்ற வகைகளில் அறியா வினா, ஐய வினா என்ற இரண்டும் நமக்கு இங்கே பயன்படும். ஒன்றுமே தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்ற சந்தேகத்தில் கேட்பது ஐய வினா. கணிப்பொறி முன் உட்கார்ந்திருக்கும் நம் கடைப் பையன் கேட்பது முதல் வகை. பத்து ஆண்டு பில் போட்ட முதலாளி கேட்பது இரண்டாவது வகை. இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

அரசே கற்றுக்கொண்ட பாடம்

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-இல் வந்தது. அதற்கு முன்பே, 2016 செப்டம்பரில், மத்திய அரசின் வரித்துறை ஒரு வினா-விடைத் தொகுப்பை வெளியிட்டது. சுமார் 500 கேள்விகள், 24 தலைப்புகள். பதிவு, வழங்கல், மதிப்பீடு, மேல்முறையீடு என்று சட்டத்தின் அத்தியாய வரிசையில் அவை அடுக்கப்பட்டிருந்தன. ஆடிட்டருக்கு அது அருமையான நூல். ஆனால் கடைக்காரருக்கு, தம் சந்தேகம் 'வழங்கல்' என்ற தலைப்பில் வருமா, 'மதிப்பீடு' என்ற தலைப்பில் வருமா என்று தெரிந்தால்தான் விடை கிடைக்கும். அது தெரிந்தவருக்குக் கேள்வியே எழாது.

பிறகு துறை இரண்டு காரியங்கள் செய்தது. ட்விட்டரில் மக்கள் உண்மையாகக் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, விடையுடன் வெளியிட்டது. வணிகர், ஜவுளி, வேளாண்மை, சிறுதொழில் என்று தொழில்வாரியாகவும் தனித்தனி வினா-விடைகளைக் கொண்டுவந்தது. சட்டத்தின் வரிசையிலிருந்து கேட்பவரின் வரிசைக்கு வந்தார்கள். 2025 செப்டம்பரில் விகிதம் மாறியபோதும் அறிவிப்போடு சேர்த்தே வினா-விடையும் வந்தது. பழைய விகிதத்தில் வாங்கிய சரக்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை என்ன ஆகும், வழியில் இருக்கும் லாரிக்கு இ-வே பில்லைப் புதிதாக எடுக்க வேண்டுமா என்று வணிகர் மனத்தில் ஓடியவையே அதில் இடம்பெற்றன. கொள்முதல் பில்லில் கட்டிய வரிக்குரிய சலுகை கிடைக்கும், வழியில் உள்ள சரக்குக்குப் புதிய இ-வே பில் வேண்டியதில்லை என்று தெளிவான விடையும் கிடைத்தது.

பட்டியலை அடுக்கும் முறை

மென்பொருள் நிறுவனம் நமக்காக எழுதும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. செம்மேட்டு நண்பரும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிலரும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்கள். அவர்கள் செய்ததையும், நாம் அதிலிருந்து கண்டதையும் வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, கேள்வியைக் கேட்டபடியே எழுத வேண்டும். ஒரு மாத காலம் கல்லாவுக்குப் பக்கத்தில் நோட்டு இருக்கட்டும். மென்பொருள் ஆளுக்குப் போன் போடும்போதெல்லாம் தேதியும் கேள்வியும் எழுதுங்கள். 'பில் வெளியே வரலை' என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். 'அச்சுப்பொறி இணைப்புக் கோளாறு' என்று திருத்தாதீர்கள். நாளை தேடுகிறவரும் 'பில் வரலை' என்றுதான் தேடுவார்.

இரண்டாவது, ஒரே கேள்வி எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு வாருங்கள். அதிகக் கோடு விழுந்தது முன்னால் வர வேண்டும். இது நாம் வேகமாக விற்கும் சரக்கை முன்னால் வைப்பது போன்றதே.

மூன்றாவது, மென்பொருளின் பட்டியல் வரிசையில் அடுக்காமல் கடையின் வேலை வரிசையில் அடுக்குங்கள். கடை திறக்கும்போது, பில் போடும்போது, சரக்கு வரும்போது, கடை அடைக்கும்போது, மாதக் கடைசியில், ஏப்ரல் 1-இல் என்று ஆறு தலைப்புகள் போதும். எந்த வேலையில் மாட்டிக்கொண்டோம் என்பது நமக்கு எப்போதும் தெரியும்.

நான்காவது, அவசரக் கேள்விகளுக்குத் தனிப் பக்கம். மின்சாரம் போய்விட்டது, கணிப்பொறி திறக்கவில்லை, தவறான பில் போட்டுவிட்டோம், வரி விகிதம் இன்று மாறுகிறது ஆகியவை எப்போதாவது வருபவை. கோடு குறைவாகத்தான் விழும். ஆனால் வரும்போது வரிசையில் ஆள் நிற்பார்கள். இவற்றை அட்டையின் உள்பக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். அதுவும் காகிதத்தில். மழை நாளில் மலையில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும்போது, கணிப்பொறிக்குள் இருக்கும் விளக்கம் யாருக்கும் உதவாது.

ஐந்தாவது, பொருளின் பெயரைக் கேள்வியின் முதலில் வையுங்கள். பிரிட்டன் அரசின் இணையப் பிரிவினர் 2013-இல், தங்கள் தளத்தில் இத்தகைய கேள்விப் பட்டியலே வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ஒரு காரணம் சொன்னார்கள். எல்லா வரியும் 'எப்படி', 'என்ன' என்றே தொடங்கினால் கண் ஓட்டித் தேட முடியாது என்பதே அது. ஆங்கிலத்தில் வினாச் சொல் முன்னால் வரும். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'வரி விகிதம் மாற்றுவது எப்படி?', 'பில் ரத்து செய்வது எப்படி?' என்று எழுதினால் வரி, பில் என்ற சொற்களே கண்ணில் படும். அகர வரிசையிலும் அடுக்கலாம்.

ஆறாவது, ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் ஒளிந்திருந்தால் பிரித்து எழுதுங்கள். இதற்குக் கொல்லிமலையிலேயே நல்ல உதாரணம் கிடைத்தது.

மிளகுக் கேள்வி

சோளக்காட்டுச் சந்தைப் பக்கம் மிளகு வாங்கி விற்கும் எவரும் கேட்பது, 'மிளகுக்கு வரி உண்டா இல்லையா?' என்பதுதான். ஒற்றை வரியில் 'உண்டு' என்றாலும் தவறு, 'இல்லை' என்றாலும் தவறு. 2024 டிசம்பர் 21-இல் ஜெய்சல்மரில் நடந்த 55-ஆவது கவுன்சில் கூட்டத்திலும், அதைத் தொடர்ந்து 2025 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கையிலும் இது தெளிவாக்கப்பட்டது. அதைக் கேட்பவர் வாரியாக இப்படிப் பிரிக்கலாம்.

'என் தோட்டத்து மிளகை நானே காயவைத்து விற்கிறேன். பதிவு எடுக்க வேண்டுமா?' வேண்டியதில்லை. தம் விளைச்சலை விற்கும் விவசாயிக்கு ஜி.எஸ்.டி. பதிவிலிருந்து விலக்கு உண்டு. காய்ந்த மிளகுக்கும் அது பொருந்தும்.

'பதிவு பெற்ற வியாபாரி நான். விவசாயியிடம் வாங்கிய மிளகை விற்கும்போது?' பில்லில் 5 சதவீதம் போட வேண்டும். பச்சை, வெள்ளை, கறுப்பு என எந்த மிளகானாலும் இதே விகிதம்.

'நான் தொகுப்புத் திட்டத்தில் இருக்கிறேன்.' வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. வரி காட்டாத வழங்கல் பில்தான் தர வேண்டும். விற்றுமுதலில் 1 சதவீதத்தை நீங்களே கட்டுகிறீர்கள்.

'நான் பதிவே எடுக்கவில்லை.' தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் வரி வசூலிக்கவும் கூடாது.

ஒரு கேள்வி நான்கானது. ஆனால் படிப்பவர் தமக்குரிய ஒன்றைப் படித்தால் போதும். ஒரே பத்தியில் நான்கையும் கலந்து எழுதியிருந்தால் நால்வரும் குழம்பியிருப்பார்கள்.

விடை எழுதுவது எப்படி?

முதல் வாக்கியத்திலேயே விடை வர வேண்டும். காரணம் பிறகு வரட்டும். எந்தப் பொத்தான், எந்தத் திரை என்பதைத் திரையில் உள்ள சொல்லிலேயே எழுதுங்கள். ஒரு விடைக்கு ஐந்தாறு படிகளுக்கு மேல் போனால், அதை விளக்க நூலுக்கு அனுப்பிவிட்டு இங்கே பக்க எண் மட்டும் தரலாம். அட்டைப் பக்கத்துக்கு மாதிரியாகச் சிலவற்றைத் தருகிறோம்.

'தவறான பில் போட்டுவிட்டேன், அழிக்கலாமா?' அழிக்கக் கூடாது, ரத்து செய்யுங்கள். பில் எண்கள் தொடர் வரிசையில் இருக்க வேண்டும். இடையில் எண் காணாமற் போனால் நாளை விளக்கம் சொல்ல நேரும்.

'மின்சாரம் இல்லை, பில் எப்படி?' கைப் பில் புத்தகத்தில் எழுதுங்கள். அதற்குத் தனி வரிசை எண் வைத்துக்கொண்டு, மின்சாரம் வந்ததும் கணிப்பொறியில் ஏற்றுங்கள். 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனையில், பதிவு பெறாத வாடிக்கையாளர் பில் வேண்டாமென்றால் அவற்றையெல்லாம் சேர்த்து நாள் முடிவில் ஒரே பில்லாகப் போட விதி இடம் தருகிறது.

'வரி விகிதம் மாறிவிட்டது, பழையதை அழித்து எழுதலாமா?' வேண்டாம். புதிய விகிதத்தை அது தொடங்கும் தேதியுடன் சேருங்கள். பழைய விகிதத்தில் விற்ற பொருள் திரும்பி வந்தால், வரவுக் குறிப்பு பழைய விகிதத்திலேயே போட வேண்டியிருக்கும்.

'புது ஆண்டுக்குப் பில் எண்ணை மாற்ற வேண்டுமா?' ஏப்ரல் 1 முதல் புதிய வரிசை தொடங்கலாம். ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரு முறை வரக் கூடாது. எண்ணும் எழுத்தும் சேர்ந்து 16-க்கு மேல் போகக் கூடாது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிலையான எண் கொடுங்கள். இடையில் ஒன்றை நீக்கினாலும் அந்த எண்ணை வேறு கேள்விக்குத் தராதீர்கள். 'அண்ணா, பதினேழாம் நம்பர் பாருங்க' என்று போனில் சொன்னால், சோளக்காட்டிலும் செம்மேட்டிலும் அது ஒரே கேள்வியாக இருக்க வேண்டும். விடையின் கீழே எழுதிய தேதியையும், மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு உரியது என்பதையும் குறித்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன் எழுதிய வரி விடை இன்றும் பட்டியலில் இருந்தால், அது காலாவதியான பிஸ்கட் பாக்கெட்டைப் போன்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையிருப்பு சரிபார்ப்பது போல இதையும் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை

எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் ஒரு கேள்வி மட்டும் மாதா மாதம் முதலிடத்தில் நிற்கிறது என்றால், குறை கேட்பவரிடம் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. படி வழுக்கினால் படியைச் சரிசெய்ய வேண்டும், 'வழுக்கும், கவனம்' என்று பலகை மாட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. கோடு போட்ட நோட்டு இங்கேதான் நமக்குக் கைகொடுக்கும். ஒரு கடைக்காரர் போனில் குறை சொன்னால் 'உங்களுக்குப் பழகவில்லை' என்பார்கள். பத்துக் கடைகளின் நோட்டுகளைச் சேர்த்து, ஒரே கேள்வி எத்தனை முறை வந்தது என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கொடுத்தால், எந்த நிறுவனமும் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கப் பணம் கட்டுவதற்கு முன்பு இதைக் கேட்பதே பொருத்தமான நேரம். 'உங்கள் வினா-விடை தமிழில் இருக்கிறதா, அதைக் காகிதத்தில் தருவீர்களா?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கொல்லிமலை நண்பர் ஆடிப் பதினெட்டு வல்வில் ஓரி விழாவுக்கு முன்னால் தம் நோட்டைப் படியெடுத்து வைத்துவிட வேண்டும் என்றார். விழா நாள்களில் செம்மேட்டில் கூட்டம் நெருக்கும். கடையில் உதவிக்கு வரும் உறவுக்காரப் பையன் புதியவன். அவன் கேட்கப்போகும் கேள்விகள் அவருக்கு இப்போதே தெரியும். சென்ற ஆண்டு வந்த பையனும் அவற்றைத்தான் கேட்டானாம்.

உறுப்பினர்கள் தங்கள் கடைகளிலும் நாளை முதல் ஒரு நோட்டுப் போட்டு, ஒரு மாதம் கழித்து அதைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். எல்லாவற்றையும் சேர்த்து மளிகை வணிகருக்கென ஒரு பொதுப் பட்டியல் தயாரித்தால், மலைமேல் இருக்கும் கடைக்கும் மாநகரில் இருக்கும் கடைக்கும் அது ஒன்றுபோல் பயன்படும்.